ஜிப் ஒரே கதையை இரண்டு தடவை சொல்லும்

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபோன். எங்கள் அணியிலேயே சின்னவன். "அண்ணா, ராக்யூவை ரூல்ஸோட போட்டு ஆறு மணி நேரமா ஓடுது. பாஸ்வேர்டு சிக்கவே இல்லை. வேற லிஸ்ட் போடட்டுமா?" பின்னணியில் அவனுடைய லேப்டாப் விசிறி இரைவது எனக்கே கேட்டது. ராக்யூ என்பது 2009-இல் கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியல். 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் இருக்கும். போட்டிக்குப் போகிற எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அவன் திறக்கப் பார்த்த, பாஸ்வேர்டு கேட்ட ஜிப் கோப்பில் அதற்கு வேலையே இல்லை. உள்ளே இருந்த ஒரு கோப்புக்குப் பூட்டே கிடையாது. மற்றவற்றைத் திறக்கப் பாஸ்வேர்டு தேவையில்லை. இதை விடிகிற நேரத்தில்தான் கண்டுபிடித்தோம். முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிடிஎஃப், அதாவது ஒளித்து வைத்த ரகசிய வாசகத்தை (ஃப்ளாக்) கண்டுபிடிக்கும் கணினிப் பாதுகாப்புப் போட்டியில் சந்தேகத்துக்குரிய ஜிப் ஒன்று கைக்கு வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை அந்தக் கோப்பை வைத்தே சொல்கிறேன். சவாலின் கதை வழக்கமானதுதான். ஊழியர் ஒருவருக்கு மின்னஞ்சலில் சம்பளப் பட்டியல் என்று ஒரு ஜிப் வருகிறது, திறக்கிறார், அதற்குப் பிறகு கணினி சரியில்லை. ஜிப்புக்குள் என்ன இருந்தது என்று கண்டுபிடித்து ஃப்ளாக்கைக் கொடுக்க வேண்டும். ஜிப்பின் அளவு 28,507 பைட்.

கை வைக்கும் முன்

விளையாட்டுதானே என்று சொந்தக் கணினியில் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். தடயவியல் பிரிவுச் சவால்களில் அமைப்பாளர்கள் சில சமயம் நிஜ மால்வேரையே வைத்துவிடுவார்கள். பாஸ்வேர்டு 'இன்ஃபெக்டட்' என்று சவாலிலேயே கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மால்வேர் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்கிறவர்கள் ரொம்ப காலமாக வைத்து வரும் பாஸ்வேர்டு அது.

ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி) போதும். நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஷேர்டு ஃபோல்டரையும் கிளிப்போர்டு பகிர்வையும் நிறுத்துங்கள். ஒரு தடவை ஷேர்டு ஃபோல்டரை நிறுத்த மறந்து, அதற்குள்ளேயே ஒரு ஜிப்பை விரித்தேன். நாலாயிரம் குப்பைக் கோப்பு என் சொந்த ஆவணங்களோடு கலந்துவிட்டது. பொறுக்கி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அப்புறம் மூலக் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) குறித்து வைத்து, அதைப் படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக மாற்றிவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். இந்த வேலையில் பைட்டுகளை நாமே திருத்தப் போகிறோம், பல தடவை கெடுக்கவும் போகிறோம். ஆன்லைன் ஸ்கேனரில் கோப்பை ஏற்றும் பழக்கம் இருந்தால் போட்டி முடியும்வரை அடக்கிக்கொள்ளுங்கள். ஏற்றிய மாதிரியை அங்கே மற்றவர்களும் இறக்கிக்கொள்ள வழி உண்டு. ஹேஷை மட்டும் போட்டுத் தேடினால் பிரச்சினையில்லை.

இது உண்மையில் என்ன

பெயரின் கடைசியில் ஜிப் என்று இருப்பது எதையும் நிரூபிக்காது. 'ஃபைல்' கட்டளையைக் கொடுங்கள், கூடவே ஹெக்ஸில் (பதினாறடி எண்களாக) முதல் சில பைட்டைக் கண்ணால் பாருங்கள். ஜிப் என்றால் 50 4பி 03 04. முதல் இரண்டு பைட் பி, கே என்ற ஆங்கில எழுத்துகள். 1989-இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் கட்ஸின் பெயரெழுத்துகள். ஜிஜிப் என்றால் 1எஃப் 8பி. ரார் கோப்பு தன் பெயரையே ஆச்சரியக்குறியோடு எழுதி ஆரம்பிக்கும். செவன்-ஜிப் 37 7ஏ என்று தொடங்கும். டார் கோப்பின் தலையில் ஒன்றும் தெரியாது. 257-ஆவது பைட்டில் 'யுஸ்டார்' என்று இருக்கும். தலை நாலு பைட்டை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, திறக்கவில்லையே என்று நம்மைத் தவிக்க விடுவது எளிய சவால்களில் வழக்கம். சரியான பைட்டை எழுதிவிட்டால் தீர்ந்தது.

இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகள், ஆண்ட்ராய்டு ஏபிகே, ஜாவாவின் ஜார், இபப் எல்லாமே ஜிப்தான். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பட்டியல். விரிக்க வேண்டாம், பட்டியல் மட்டும். 'அன்ஜிப்' கட்டளையோடு மைனஸ் எல் போட்டால் சுருக்கமாக வரும். எனக்கு 'ஜிப்இன்ஃபோ'வோடு மைனஸ் வி போடுவதுதான் பிடிக்கும். பக்கம் பக்கமாகக் கொட்டும், ஆனால் எதையும் மறைக்காது. எங்கள் கோப்பில் மூன்று உருப்படி இருந்தன: ரீட்மீ உரைக் கோப்பு, லோகோ பிஎன்ஜி படம், சம்பளப் பட்டியல் எக்செல். மூன்றும் பூட்டியவை என்று பட்டியல் சொன்னது.

பட்டியலைப் பார்க்கும்போது முதலில் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். ஜிப்பில் வழக்கமான சுருக்குமுறை டிஃப்லேட். அதனால் அதிகபட்சம் ஏறத்தாழ 1032 மடங்குதான் சுருக்க முடியும். அதை ஒட்டி விகிதம் வந்தால் உள்ளே ஒரே பைட் திரும்பத் திரும்ப வருகிறது, அதாவது விரித்தால் வட்டையே நிரப்பிவிடும் ஜிப் வெடிகுண்டு. 42 ஜிப் என்ற பழைய குண்டு ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கி, 42 கிலோபைட்டிலிருந்து 4.5 பெட்டாபைட் வரை விரியும். 2019-இல் டேவிட் ஃபைஃபீல்ட் என்பவர் அடுக்கே இல்லாமல் ஒரே விரிப்பில் 10 மெகாபைட்டை 281 டெராபைட் ஆக்கிக் காட்டினார். எப்படி என்றால், உள்ளே இருக்கும் கோப்புகள் ஒரே தரவை ஒன்றின் மேல் ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளும்படி செய்தார். பட்டியலில் சொல்லும் அளவு பொய்யாகவும் இருக்கலாம். அதனால் சந்தேகம் வந்தால் வட்டில் விரிக்காமல், 'அன்ஜிப்' மைனஸ் பி போட்டு வெளியீட்டை 'ஹெட்' கட்டளைக்குத் திருப்பி, முதல் சில ஆயிரம் பைட்டை மட்டும் பாருங்கள்.

அடுத்து பெயர்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடுமாக ../../ என்று பெயர் ஆரம்பித்தால், விரிக்கும் ஃபோல்டருக்கு வெளியே எழுதப் பார்க்கிறது. 2018-இல் ஸ்னிக் நிறுவனம் ஜிப் ஸ்லிப் என்று பெயரிட்டு, ஏராளமான மென்பொருள் நூலகங்களில் இந்த ஓட்டை இருப்பதைக் காட்டியது. சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருக்கிறதா என்றும் பாருங்கள்: முதல் உருப்படி வெளியே எங்கோ சுட்டும் சிம்லிங்க், இரண்டாவது உருப்படி அதன் வழியே எழுதப்படும் கோப்பு என்று வைப்பார்கள். பெயருக்குள் எழுத்தோட்டத்தை வலமிருந்து இடமாகத் திருப்பும் யூனிகோட் குறி ஒளிந்திருந்தால், இயங்கும் நிரல்கூட படக்கோப்பு மாதிரி பெயரோடு தெரியும். இதற்கெல்லாம் கண்ணை நம்ப முடியாது. பெயரையும் ஹெக்ஸில் பாருங்கள்.

தேதிகள் பற்றி ஒரு சின்ன விஷயம். ஜிப்பின் பழைய நேர வடிவம் 1980-இல் தொடங்குகிறது, இரண்டு விநாடிக்கு ஒரு படி. 1980 ஜனவரி 1 என்று இருந்தால் யாரும் கையால் செய்ததில்லை, ஏதோ நிரல் உருவாக்கியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு தடவை சொல்லும் கதை

இதுவரை சொன்னது முன்னோட்டம். ஜிப்பின் உள்ளமைப்பு புரிந்தால் முக்கால்வாசிச் சவால்கள் தானாகவே கழன்றுவிடும் என்பது என் அனுபவம். அமைப்பு இதுதான். ஒவ்வொரு கோப்பின் தரவுக்கும் முன்னால் ஒரு லோக்கல் ஹெடர் இருக்கும்: பெயர், அளவு, சுருக்கிய முறை, பூட்டா இல்லையா, சிஆர்சி (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்). எல்லாக் கோப்பும் முடிந்த பிறகு, கடைசியில் சென்ட்ரல் டைரக்டரி. அதில் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் அதே விவரங்கள் இன்னொரு தடவை, கூடவே அந்தக் கோப்பு எந்த ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில்) ஆரம்பிக்கிறது என்பதும். எல்லாவற்றுக்கும் கடைசியில் முடிவுக் குறிப்பு: மொத்தம் எத்தனை உருப்படி, சென்ட்ரல் டைரக்டரி எங்கே ஆரம்பிக்கிறது, விருப்பமிருந்தால் ஒரு கமெண்ட்.

ஒவ்வொரு பகுதியின் தலையிலும் வரும் நான்கு பைட் கையெழுத்துகளை மனப்பாடமே செய்துவிடலாம். லோக்கல் ஹெடருக்கு 50 4பி 03 04, சென்ட்ரல் உருப்படிக்கு 50 4பி 01 02, முடிவுக் குறிப்புக்கு 50 4பி 05 06. லோக்கல் ஹெடரில் மாறாத பகுதி 30 பைட், சென்ட்ரல் உருப்படியில் 46, முடிவுக் குறிப்பில் 22. பெயரும் கூடுதல் விவரமும் இவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் என்ன ஆகும்? இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்க வாய்ப்பு வந்துவிடும். சவால் செய்கிறவர்களும் மால்வேர் எழுதுகிறவர்களும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறார்கள். ஒரு மென்பொருள் சென்ட்ரல் டைரக்டரியைப் படிக்கும், இன்னொன்று மேலிருந்து லோக்கல் ஹெடர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரும். ஜாவாவிலேயே இரண்டு வகுப்புகள் இப்படி இரண்டு விதமாகப் படிக்கின்றன. ஸ்கேனர் ஒரு கதையைக் கேட்கும், விரிக்கும் மென்பொருள் வேறு கதையைக் கேட்கும். 2013-இல் ப்ளூபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆண்ட்ராய்டு 'மாஸ்டர் கீ' ஓட்டையும் இந்தச் சாதிதான்: ஏபிகேக்குள் ஒரே பெயரில் இரண்டு உருப்படி, டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்தது ஒன்றை, நிறுவியது மற்றொன்றை. வின்ரார் மென்பொருளின் 6.23 பதிப்பில் 2023-இல் அடைத்த ஓட்டையும் பெயர்க் குழப்பம்தான். ஒரே பெயரில் ஒரு கோப்பும் ஒரு ஃபோல்டரும் இருக்கும். படத்தைக் கிளிக் செய்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும்.

சரி, எங்கள் கோப்புக்கு வருவோம். நான் எப்போதும் முதலில் செய்வது எண்ணுவது. முடிவுக் குறிப்பு மொத்தம் மூன்று உருப்படி என்றது. சென்ட்ரல் கையெழுத்தைத் தேடினேன், மூன்று. லோக்கல் கையெழுத்தைத் தேடினேன், நான்கு.

உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. சுருக்காமல் வைத்த வேர்டு கோப்போ இன்னொரு ஜிப்போ உள்ளே இருந்தால், அதன் லோக்கல் கையெழுத்துகளும் சேர்ந்து எண்ணிக்கையில் வரும். அதனால் கூட்டல் கணக்கும் போட வேண்டும். ரீட்மீ 0-இல் ஆரம்பிக்கிறது. ஹெடர் 30, பெயர் 10 எழுத்து, தரவு 41, ஆக 81-இல் முடிகிறது. லோகோ 81-இல் ஆரம்பிக்கிறது. 30, 8, அப்புறம் தரவு 18,216. முடிவது 18,335-இல். ஆனால் எக்செல் ஆரம்பிப்பது 18,924-இல் என்று சென்ட்ரல் டைரக்டரி சொல்கிறது. நடுவே 589 பைட் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. நான்காவது கையெழுத்து அந்தப் பொந்தின் வாசலிலேயே, சரியாக 18,335-இல் இருந்தது.

கோப்புக்குள் கையெழுத்துகளைத் தேடும் 'பின்வாக்' கருவியை ஓட்டியிருந்தால் இதை ஒரு வரியில் காட்டியிருக்கும், உண்மைதான். நான் கையால் கணக்குப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையெழுத்து பைட்டையும் சேர்த்து அழித்துவிட்டால் பின்வாக் ஒன்றும் சொல்லாது. பொந்து மட்டும் கணக்கில் அப்படியே நிற்கும்.

ஒளிந்திருந்த உருப்படியை எடுப்பது எளிது. லோக்கல் ஹெடரில் 18-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட் சுருக்கிய அளவு. 26 02 00 00 என்று இருந்தது. சின்ன மதிப்பு முதலில் வரும் வரிசை என்பதால் திருப்பிப் படித்தால் ஹெக்ஸில் 226, அதாவது 550. 26-ஆவது பைட்டிலிருந்து பெயரின் நீளம், 9. 28-இலிருந்து கூடுதல் விவரத்தின் நீளம், பூச்சியம். ஆக 39 பைட் தாண்டி 550 பைட். கூட்டினால் அதே 589. முறை 8, அதாவது டிஃப்லேட். பூட்டு இல்லை. அந்த 550 பைட்டை 'டிடி' கட்டளையால் வெட்டி எடுத்து, பைத்தானின் ஜீலிப் நூலகத்தில் சாளர அளவை மைனஸ் 15 என்று கொடுத்து விரிக்க வேண்டும். மைனஸ் போடாவிட்டால் ஜீலிப் தன்னுடைய ஹெடரை எதிர்பார்த்துப் பிழை காட்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விரிந்து வந்தது ஸ்டார்ட் என்ற பெயரில் ஒரு விபி ஸ்கிரிப்ட் (விண்டோஸில் ஓடும் சின்ன நிரல்). ஏதோ முகவரியிலிருந்து எதையோ இறக்கப் பார்க்கும் பத்து வரி, அதில் கமெண்டாக ஃப்ளாக்கின் ஒரு துண்டு. முழு ஃப்ளாக் அடைப்புக்குறிக்குள் இருக்கும், இதில் திறக்கும் அடைப்பும் இல்லை, மூடும் அடைப்பும் இல்லை.

'ஜிப்' கட்டளையில் மைனஸ் எஃப்எஃப் என்று ஒரு பழுதுபார்க்கும் வசதி உண்டு. மேலிருந்து தேடிக்கொண்டு வருவதால் இப்படி ஒளிந்ததைச் சில சமயம் அதுவே வெளியே கொண்டுவந்துவிடும். நகலில் செய்து பாருங்கள். ஆனால் அது பொந்துகளை அடைத்துப் புதுக் கோப்பாக எழுதித் தரும் என்பதால் நான் கடைசியில்தான் தொடுவேன்.

இன்னொரு எச்சரிக்கை. லோக்கல் ஹெடரில் அளவும் சிஆர்சியும் பூச்சியமாக இருந்து, சென்ட்ரலில் சரியாக இருந்தால் அது சூழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஹெடரின் ஃப்ளாக் பைட்டுகளில் (போட்டியின் ஃப்ளாக் இல்லை, கோப்பின் நிலையைச் சொல்பவை) 3-ஆவது பிட் எரிந்திருக்கிறதா, அதாவது 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எரிந்திருந்தால், அளவு தெரியும் முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார்கள், விவரம் தரவுக்குப் பின்னால் வரும் என்று அர்த்தம். முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, பெரிய மர்மத்தைப் பிடித்துவிட்டதாக அணியையே எழுப்பியவன் நான்தான்.

பூட்டு நிஜமா பொய்யா

இப்போது தம்பியின் ஆறு மணி நேரத்துக்கு வருவோம். பூட்டியதா என்பதைச் சொல்வது ஃப்ளாக் பைட்டின் கடைசி பிட், பூச்சியமாவது பிட். லோக்கல் ஹெடரில் அது 6-ஆவது பைட்டில், சென்ட்ரலில் 8-ஆவது பைட்டில். ரீட்மீ கோப்புக்கு சென்ட்ரல் 01 என்றது, லோக்கல் 00 என்றது. மறுபடியும் இரண்டு கதை.

யார் சொல்வது நிஜம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜிப்பின் பழைய பூட்டான ஜிப்கிரிப்டோ, பூட்டும்போது தரவுக்கு முன்னால் 12 பைட் சேர்க்கும். சுருக்காமல் வைத்த கோப்பு என்றால் உள்ளே இருக்கும் அளவு அசல் அளவைவிட சரியாக 12 கூடுதலாக இருக்க வேண்டும். ரீட்மீ சுருக்காதது, அசல் 41, உள்ளே 41. பூட்டு வெறும் வேஷம். சென்ட்ரல் உருப்படியில் அந்த 01-ஐ 00 ஆக்கிச் சேமித்ததும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. பாஸ்வேர்டைத் தேடாதே என்ற பொருளில் உள்ளே ஒரே ஒரு வரி. தம்பியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாஸ்வேர்டு தேடலுக்காக ஜிப்பிலிருந்து ஹேஷை எடுத்துத் தரும் ஜிப்டுஜான் கருவி இந்தக் கோப்பு பூட்டப்படவில்லை என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தது. அதைப் பார்க்காமல் திரையை மேலே தள்ளிவிட்டிருக்கிறான்.

லோகோவின் அசல் அளவு 18,204, உள்ளே 18,216. வித்தியாசம் 12. இது நிஜப் பூட்டு. ஆனால் பழைய பூட்டு, அதுவும் சுருக்காத பிஎன்ஜியின் மேல். 1994-இலேயே பிஹாம், கோச்சர் இருவரும் இந்தப் பூட்டை உடைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டிய கோப்பின் உள்ளடக்கத்தில் 12 பைட் தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு இன்றைய கருவிகள் வந்துவிட்டன. 'பிகேகிராக்' அதைச் செய்யும். பிஎன்ஜி படம் எதுவானாலும் முதல் 16 பைட் மாறாது: எட்டு பைட் கையெழுத்து, 00 00 00 0டி என்ற நீளம், ஐஹெச்டிஆர் என்ற நான்கு எழுத்து. அந்த 16 பைட்டைத் தனிக் கோப்பாக எழுதி, பிகேகிராக்கில் ஜிப்பின் பெயர், உள்ளே லோகோவின் பெயர், இந்தத் தெரிந்த துண்டு மூன்றையும் கொடுத்தோம். என் பழைய லேப்டாப்பில் அரை மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. தெரிந்த பைட் கூடக்கூட நேரம் மளமளவென்று குறையும். கிடைப்பது பாஸ்வேர்டு இல்லை, மூன்று உள்சாவிகள். ஒரே பாஸ்வேர்டால் பூட்டிய எல்லாக் கோப்பையும் அந்தச் சாவிகளே திறக்கும். எக்செல் கோப்பு அப்படித்தான் திறந்தது.

கவனிக்க வேண்டியது, தெரிந்த துண்டு பூட்டுவதற்குச் சற்று முன்பு இருந்த வடிவத்தில் இருக்க வேண்டும். கோப்பு டிஃப்லேட்டால் சுருக்கிப் பூட்டப்பட்டிருந்தால் அசல் பைட் உதவாது. அதே கருவியால் அதே மாதிரி சுருக்கிய பைட் வேண்டும். முறை 99 என்று இருந்தால் ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு. இந்த வித்தை அங்கே செல்லாது. அப்போதுதான் சொற்பட்டியலை எடுக்க வேண்டும், அதுவும் ஜிப்கிரிப்டோவைவிட ரொம்ப மெதுவாக நகரும்.

பூட்டிய கோப்பு மிகச் சிறியது என்றால் இன்னொரு வழி உண்டு. ஜிப்கிரிப்டோவில் அசல் தரவின் சிஆர்சி பூட்டப்படாமல் வெளியிலேயே கிடக்கும். நான்கு பைட் கோப்பு என்றால் ஒரு சிஆர்சிக்கு ஒரே ஒரு விடைதான், கணக்கிட்டே எடுத்துவிடலாம். அச்சிடக்கூடிய ஆங்கில எழுத்துகள் மட்டும் என்று வைத்தால், ஐந்து பைட்டுக்குச் சராசரியாக இரண்டு விடைக்குள்ளும், ஆறு பைட்டுக்குச் சுமார் 170 விடையும் மிஞ்சும். பாகம் 1, பாகம் 2 என்று ஐந்தைந்து பைட்டில் வரிசையாகக் கோப்பு இருந்தால் பூட்டைத் தொடவே வேண்டாம்.

ராரும் செவன்-ஜிப்பும் பெயர்ப் பட்டியலையே பூட்டக்கூடியவை, அங்கே இந்த விளையாட்டெல்லாம் குறைவு. ஜிஜிப்பின் ஹெடரில் அசல் கோப்புப் பெயரும் நேரமும் இருக்கலாம், பார்த்துவிட்டுப் போங்கள். ஜிப்புக்குள் ஜிப், அதற்குள் ஜிப் என்று நூற்றுக்கணக்கில் அடுக்கிய சவால் வந்தால் பைத்தானில் பத்து வரி எழுதிவிட்டு வேறு வேலை பாருங்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஜிப்புக்குள் இன்னொரு ஜிப்

எக்செல் கோப்பை எக்செல்லில் திறக்கவில்லை. அதுவும் ஜிப்தானே. அதையும் பட்டியலிட்டேன், எண்ணினேன், கூட்டினேன். பொந்து எதுவும் இல்லை, எண்ணிக்கை சரி. பிறகு ஒர்க்புக் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்தேன். மூன்று தாள், மூன்றாவதன் நிலை 'வெரிஹிட்டன்'. சாதாரணமாக மறைத்த தாளை வலது கிளிக்கில் மீட்டுவிடலாம். இந்த நிலையில் இருப்பது அந்தப் பட்டியலிலேயே வராது. உரை எல்லாம் ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்எம்எல்லில் ஒரே இடத்தில் கிடக்கும் என்பதால் அங்கேயே தேடினேன். ஃப்ளாக்கின் தலைத் துண்டு, திறக்கும் அடைப்போடு கிடைத்தது.

இரண்டு துண்டையும் ஒட்டினோம். வாசகம் நடுவில் தொங்கியது, மூடும் அடைப்பும் இல்லை. அடைப்பை நாங்களே போட்டு அனுப்பினோம், தவறு என்றது. படத்தில் ஏதாவது ஒளித்திருப்பார்களா என்று லோகோவைத் துருவ ஆரம்பித்தோம். நிறத் தளம் நிறத் தளமாகப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மணி நாலரை.

"அண்ணா, முதல்ல பார்க்கும்போது நீங்க ஒரு கணக்குப் போட்டீங்களே, அது கடைசி வரைக்கும் போட்டீங்களா?" என்றான் தம்பி.

போடவில்லை. பொந்து கிடைத்த சந்தோஷத்தில் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். உட்கார்ந்து தொடர்ந்தேன். எக்செல் 18,924-இல் ஆரம்பித்து 28,312-இல் முடிகிறது. சென்ட்ரல் டைரக்டரி அங்கிருந்து 167 பைட். முடிவுக் குறிப்பு 22. கூட்டினால் 28,501. கோப்பின் அளவோ 28,507. கமெண்ட் நீளம் என்ற இடத்தில் 06 00. அந்த ஆறு பைட்டை நான் முதல் நாளே ஹெக்ஸில் பார்த்திருந்தேன். நோட்டில் 'வாலில் குப்பை' என்று என் கையெழுத்திலேயே எழுதியும் வைத்திருந்தேன். ஐந்து எழுத்து, ஆறாவது ஒரு மூடும் அடைப்பு.